பூரியின் புதிர்த் தட்டும் எங்கள் வீட்டு கேஸ் கசிவும்

போன நவராத்திரியில் மூன்றாம் நாள் ராத்திரி, எட்டரை மணி இருக்கும். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "என்னங்க, கேஸ் லீக் ஆகுது. சுவிட்ச் எதையும் தொடாதீங்க." ரெகுலேட்டரை மூடினோம், ஜன்னல்களைத் திறந்தோம், அப்பாவையும் மகளையும் வாசல் திண்ணைக்கு அனுப்பினோம். பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு தம்பி வந்தார். ரெகுலேட்டர், டியூப், அடுப்பின் திருகு என்று ஒவ்வொரு இடமாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில்கூடக் கொப்புளம் வரவில்லை. "எல்லாம் டைட்டா இருக்கு சார்" என்று எழுந்தபோதுதான் மறுபடியும் அந்த வாடை. சிலிண்டருக்கு ஒரு முழம் தள்ளி, குளிர்ச்சியான தரையாகப் பார்த்துப் பூரி கால் நீட்டிப் படுத்திருந்தாள். தம்பி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், லீக் இருக்கு. ஆனா அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

பூரி எங்கள் லாப்ரடார். ஆறு வயது, 34 கிலோ. நிறத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர். அவள் உப்பிக்கொள்வதைப் பார்த்து வைத்த பெயர் என்று இப்போது ஊருக்குள் சொல்லிக்கொள்கிறார்கள், அது பிற்பாடு வந்த வியாக்கியானம். டாக்டர் 'வாயு' என்பார். வீட்டில் நாங்கள் குசு என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அந்தத் தம்பி போனபிறகு வீட்டில் மனைவியைக் கேலி செய்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. சமையல் வாயுவுக்கு இயல்பாக வாசனையே கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கைத் துளியளவு கலக்கிறார்கள். நாய் விடும் காற்றும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு நைட்ரஜன், கரியமில வாயு, ஹைட்ரஜன் போன்றவை. இவை எதற்கும் வாடை இல்லை. நூற்றில் ஒரு பங்குகூட வராத கந்தக வாயுக்கள்தான் ஹாலில் இருப்பவர்களை எழுந்து போகவைக்கின்றன. அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது, எத்தில் மெர்காப்டனுக்குப் பங்காளியான மெத்தில் மெர்காப்டனும் இருக்கிறது. இந்த விவரம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் 449 ரூபாய் தட்டிடம் அவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஸ்லோ ஃபீடர் என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் புதிர்த் தட்டு என்று பெயர். வெளிர்ப்பச்சைப் பிளாஸ்டிக், உள்ளே பூ இதழ் போல வளைந்து வளைந்து மேடுகள், மேடுகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி சந்துகள். உணவு சந்துகளுக்குள் போய்விடும், நாய் நாக்கால் துழாவித்தான் எடுக்கவேண்டும். பெட்டியின் மேல் 'பத்து மடங்கு மெதுவாக' என்று போட்டிருந்தது.

அதற்கு முன் பூரி சாப்பிட்டது ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில். டைல்ஸ் தரையில் தாம்பாளத்தை வைத்ததும் முகத்தை உள்ளே இறக்குவாள். தட்டு வழுக்கிக்கொண்டே போகும், இவளும் பின்னாலேயே போவாள். கடைசியில் ஃபிரிட்ஜில் முட்டி நிற்கும்போது தட்டு காலி. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: 150 கிராம் உலர்தீனி, 48 விநாடி. மென்ற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாடு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு காற்றும் கூடவே இறங்கியிருக்கும். முடித்ததும், கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த சம்பந்தி மாதிரி ஒரு ஏப்பம். ஏப்பமாக மேலே வராத காற்று கீழே போகிறது, அவ்வளவுதான் கணக்கு. நாய்க்குசுவின் பெரும்பகுதி இப்படி விழுங்கிய காற்றுதான்.

லாப்ரடாரைத் திட்டியும் பயனில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதாம். வயிறு நிறைந்தது என்ற தந்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பூரிக்கு அந்தத் துண்டு இருக்கிறதா என்று நான் பரிசோதிக்கவில்லை. அவள் தேங்காய் நாரைத் தின்றதைப் பார்த்தவர்களுக்குப் பரிசோதனை தேவைப்படாது.

தட்டு ஐந்தாம் நாள் கொலுவன்று வந்தது. பிளாஸ்டிக் வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவி ஒரு பகல் மொட்டைமாடியில் காயவைத்தோம், போய்விட்டது. அடியில் வழுக்காமல் இருக்க நான்கு ரப்பர் பொட்டுகள். அவற்றில் ஒன்று இரண்டாவது வாரமே கழன்று விழுந்தது. நல்லவேளை, பூரி பார்ப்பதற்கு முன் நான் பார்த்தேன். பசை போட்டு ஒட்டலாம் என்றாள் மகள். நக்கும் பொருளில் பசை வேண்டாம் என்று மற்ற மூன்றையும் பிடுங்கிவிட்டு, அடியில் ஈரத்துணி போட்டு வைத்தேன். அதுவே நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

முதல் வேளை. பூரி வழக்கம்போல முகத்தை இறக்கினாள். மூக்கு மேட்டில் முட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி இறக்கினாள், மறுபடி முட்டியது. பிறகு நாக்கை நீட்டி ஒரு சந்துக்குள் விட்டு, ஒரே ஒரு மணியை எடுத்து, எடுத்ததை மென்றாள். ஆறு வருஷத்தில் அவள் தீனியைக் கடிக்கிற சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். 7 நிமிடம் 10 விநாடி. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவள் தட்டின் ஓரத்தில் முன்னங்காலை வைத்து அழுத்தி, மொத்தத்தையும் தரையில் கவிழ்த்து, 12 விநாடியில் வேலையை முடித்தாள். அதற்கப்புறம் சுவர் மூலையில் வைத்து, ஒரு பக்கம் நான் காலால் அணை கொடுக்கிறேன். மூன்று வாரத்தில் சந்துகளின் வழி அவளுக்கு மனப்பாடம் ஆகி 4 நிமிடத்துக்கு வந்துவிட்டாள். பத்து மடங்கு இல்லை, ஐந்து மடங்கு. எனக்கு அது போதும்.

பலன் இருந்தது, மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு வாரத்தில் அந்தச் சம்பந்தி ஏப்பம் நின்றது. சாப்பிட்டபின் வயிறு தவில் மாதிரி விறைப்பாக நிற்பது குறைந்தது. சத்தத்தோடு வரும் குசு (ராத்திரி அவளே திடுக்கிட்டு எழுந்து தன் வாலைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்த வகை) பாதிக்கு மேல் போனது. ஆனால் சத்தமில்லாமல் வருகிற வகை, அதாவது 1906க்குப் போன் போட வைத்த வகை, குறையவே இல்லை. சொல்லப்போனால் அந்த வாரம் அதிகமானது. சரஸ்வதி பூஜையன்று ஹாலில் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டு மாமி கொலுவுக்குக் கூப்பிட வந்தவர், குங்குமத்தை வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டு வேலை செய்கிறது, வாடை போகவில்லை. எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், எடை போட்டார், கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுக்கிறேன் என்றேன். மலம் எப்படி, எடை இறங்கியதா, வாந்தி உண்டா என்று கேட்டுவிட்டு அந்தக் கேள்வியைப் போட்டார்.

"என்ன சாப்பிடறா?"

"டிரை ஃபுட் மட்டும்தான் டாக்டர். காலையில 150 கிராம், ராத்திரி 150 கிராம்."

அவர் எழுதிக்கொண்டே, "நீங்க குடுக்கறது சரி. வீட்ல மத்தவங்க?" என்றார்.

யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை என்றேன். அவர் பேனாவை மூடினார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஃபிரிட்ஜில் கட்டித் தொங்கவிடுங்கள், ஒரு வாரம் யார் எதைக் கொடுத்தாலும் எழுதட்டும், திட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றார். கட்டணம் 400 ரூபாய். இந்தக் கட்டுரையில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிற ஒரே பொருள், 20 ரூபாய்க்கு வாங்கிய அந்த நோட்டுப் புத்தகம்தான்.

முதல் இரண்டு நாள் அதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மகள் எழுதினாள்: 'சீஸ் ஸ்லைஸ், பாதி. சாரி.' அவள் ஆரம்பித்துவைத்ததும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, 'காலை 10 மணி, அவிச்ச முட்டை 1, தெனம்' என்று எழுதினார். மனைவி: 'தோசை ஓரம்'. எத்தனை தோசை என்று எழுதவில்லை. அப்பா எழுதவே மாட்டேன் என்றார். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருஷம் லாக் புக் எழுதியவர். "அந்தப் புஸ்தகத்துல பொய் எழுத முடியாதுடா, அதனால எழுதல" என்றார். பிறகு அவராகவே ஒரு ராத்திரி உட்கார்ந்து, கோணாத அச்சு எழுத்தில் எழுதினார். காலை காபிக்கு முன் பால் ஒரு டம்ளர், நாலு மணிக்கு மாரி பிஸ்கட் நாலு, ராத்திரி தயிர்சாதம் ஒரு கைப்பிடி. அதற்குக் கீழே தேதி போட்டு: நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல்.

சுண்டல்! ஒன்பது வீட்டு கொலுச் சுண்டல். எங்கள் தெருவில் மாலை ஆனால் பொட்டலம் பொட்டலமாக வரும். கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை, காராமணி. நாங்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவைத்ததை எல்லாம் அப்பா 'பிரசாதத்தை வீணாக்கக் கூடாது' என்று பூரிக்கு ஊட்டியிருக்கிறார். புதிர்த் தட்டு வந்த வாரமும் மொச்சை வந்த வாரமும் ஒன்றேதான். நான் பாவம் தட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடலை, பயறு, சோயா இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி நாயின் சிறுகுடலில் இல்லை. (நமக்கும் இல்லை, அதனால்தான் மொச்சைக் குழம்புக்குப் பெருங்காயம்.) உடையாமல் பெருங்குடலுக்குப் போனால், அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். புளிக்க வைத்துத் தள்ளிவிடும். தோசை மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்குமே, அதே சமாச்சாரம் குடலுக்குள் நடக்கிறது. பாலும் அப்படியே. குட்டியாக இருக்கும்போது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி இருக்கும், வளர்ந்தபின் பெரும்பாலான நாய்களுக்கு அது குறைந்துவிடுகிறது. தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் கம்மி, அதனால் பால் அளவுக்குப் படுத்தாது. முட்டை கதை வேறு. அது நல்ல உணவுதான், ஆனால் கந்தகம் அதிகம். காற்றின் அளவை அது கூட்டுவதில்லை, வாடையைக் கூட்டுகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் கூட்டும்.

இதோடு நான் கொடுத்த 'சரியான' தீனியும் தப்பவில்லை. மூட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் இரண்டாவதாகவே சோயா மாவு இருந்தது. எடை அதிகமானதை முதலில் போடுவது வழக்கம், அப்படியென்றால் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கோழியும் அரிசியும் முதலில் வருகிற வேறு ஒரு ரகத்துக்கு மாற்றினேன். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கலங்கிவிடும். பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைக் கால் பங்கு சேர்த்து, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் என்று பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

மற்றவற்றை டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாக நிறுத்தினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது. சுண்டல் முதலில் போனது, அது பண்டிகையோடு தானாகவே போனது. நான்கே நாளில் ஹால் மனிதர்கள் உட்காரும் இடமாக மாறியது. அடுத்தது பால். இதற்குத்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "பச்சப் புள்ளைக்குப் பாலை நிறுத்தச் சொல்றான் ஒரு டாக்டர்" என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆறு வயது லாப்ரடாருக்கு நம் கணக்கில் நாற்பதுக்கு மேல் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கும் நாப்பத்தாறு ஆகுது, நீ காபி குடிக்கலயா?" என்றார். பால் நின்றதும் வாடை இன்னும் ஒரு படி இறங்கியது, மலமும் கெட்டியானது. முட்டையை வாரத்துக்கு இரண்டாக்கினோம். தோசை ஓரத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. சட்னியோடு போடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வாயுவைவிட அது பெரிய சங்கடம்.

நடுவில் ஆசைப்பட்டு வாங்கிய கரி பிஸ்கட் பற்றி இரண்டு வார்த்தை. ஆக்டிவேட்டட் சார்கோல் கலந்த கறுப்பு எலும்பு வடிவம், ஒரு டப்பா 280 ரூபாய். இது ஏமாற்று இல்லை. கரி, யுக்கா என்ற செடியின் சாறு, துத்தநாக அசிடேட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கெட்ட வாடை குறைகிறது என்று 2001-இல் ஓர் ஆராய்ச்சி வந்திருக்கிறது. நாய்களுக்குச் சட்டை மாதிரி ஒன்றை மாட்டி, வால்பக்கத்துக் காற்றை உறிஞ்சி ஹைட்ரஜன் சல்பைடை அளந்திருக்கிறார்கள். அந்தச் சட்டையைத் தைத்த டெய்லர் யாரோ. அதிலும் குசுவின் எண்ணிக்கை குறையவில்லை, நாற்றம்தான் குறைந்தது. நான் வாங்கிய டப்பாவில் கரி மட்டும்தான், மற்ற இரண்டும் இல்லை. பூரிக்கு ருசி பிடித்தது, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மலம் கன்னங்கரேல் என்று வந்து மனைவி பயந்துபோனாள். கரி மற்ற மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும். வேறு ஏதாவது மருந்து ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டாவது டப்பா வாங்கவில்லை.

ஓமவாட்டர் ஒரு மூடி ஊற்றலாமே என்று அப்பா சொன்னார். நம் குழந்தைக்கு ஆகும் என்பதால் நாய்க்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் வயிற்று வலி, தலைவலி மாத்திரைகளுக்கும் அதே பதில்தான், அதைக் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னார்.

சரி, தட்டுக்கு வருகிறேன். அதன் நிஜமான குறை காற்றிலோ வாடையிலோ இல்லை, கழுவுவதில். உலர்தீனிக்கு மட்டும் என்றால் ஒரு அலசு போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கோழியும் சாதமும் வேகவைத்துப் பிசைந்து போடுவோம். அந்தப் பருக்கை சந்துகளின் அடியில் போய் உட்கார்ந்து, மத்தியானத்துக்குள் காய்ந்து, ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். தேங்காய் நார் உள்ளே போகாது, கம்பி நார் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும், கீறல் விழுந்த இடத்தில் கொழுப்பு தங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை அதற்கென்று வைத்திருக்கிறோம். ஒருநாள் ஊறப்போட மறந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு சந்திலும் எறும்புகள் வரிசை கட்டி நிற்கின்றன, நகரத் திட்ட அதிகாரி யாரோ அவற்றுக்குத் தெருப் போட்டுக் கொடுத்தது போல. நம் ஊர்ப் பிசைந்த சாப்பாட்டுக்கு இந்தத் தட்டு செய்யப்படவில்லை. சாதம் போட்டால் வேகத்தையும் அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. உருண்டையாகக் கவ்விவிடுகிறாள், இரண்டே நிமிடம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. குழிப்பணியாரக் கல். மனைவியின் அம்மா கொடுத்த பழைய இரும்புக் கல், ஏழு குழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம் அதில் குழிக்கொரு பிடியாகக் கோழிச்சாதத்தை வைத்தேன். ஒரு குழியை நக்கி முடித்தால்தான் அடுத்தது. கனமாக இருப்பதால் தள்ளவும் முடியவில்லை, கவிழ்க்கவும் முடியவில்லை. 3 நிமிடம் 40 விநாடி, குழிகள் கண்ணாடி மாதிரி சுத்தம். மனைவி திரும்பி வந்து பார்த்தாள். அப்புறம் நடந்ததை எழுதவில்லை. மறுநாளே பெரிய கடைவீதிக்குப் போய்ப் பூரிக்கென்று தனியாக ஒரு அலுமினியப் பணியாரச் சட்டி, 320 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். இரும்பின் கனம் இதில் இல்லை, அதனால் இதற்கும் ஈரத்துணி. நான்ஸ்டிக் பூச்சுப் போட்டதை வாங்கவேண்டாம், பல்பட்டு உரிந்து உள்ளே போகும். கழுவ ஒரு நிமிடம். எறும்புக்குச் சந்து இல்லை.

எதிர்வீட்டில் ஒரு பக் நாய் இருக்கிறது. அவர்களும் கேட்டார்களே என்று ஒருநாள் புதிர்த் தட்டை இரவல் கொடுத்தேன். பாவம், அதன் சப்பை முகம் சந்துக்குள் போகவே இல்லை. மேடுகளின் தலையை நக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. பக், புல்டாக், ஷிட்சு மாதிரி மூக்கு அமுங்கிய இனங்கள் மூச்சு விடவே வாயைத் திறப்பதால் மற்றவற்றைவிட அதிகம் காற்றை விழுங்குகின்றன. அவற்றுக்குத்தான் இப்படி ஒரு தட்டு முதலில் வேண்டும், ஆனால் இந்த ஆழம் ஆகாது. மேடு தணிந்த, சந்து அகலமான ரகமாகப் பார்த்து வாங்கவேண்டும். பல் முளைக்கிற குட்டிக்கும் பிளாஸ்டிக் வேண்டாம், கடித்து விழுங்கிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தைக் கேலி இல்லாமல் சொல்லவேண்டியிருக்கிறது. என் அலுவலக நண்பர் ஒருவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு ராத்திரி நிறையச் சாப்பிட்டுவிட்டு அலைந்துகொண்டே இருந்தது. வாந்தி வருவது போல எக்கி எக்கிப் பார்த்தது, எச்சில்தான் வழிந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. வயிறு உப்பி நின்றது. வாயு என்று நினைத்துக் காலை வரை பொறுத்தார். காலையில் நாய் இல்லை. அது வாயு இல்லை. இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்வது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு, கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்றவற்றுக்கு, அதிகம் வரும். அவசர அவசரமாகச் சாப்பிடுவது அதற்கான காரணங்களில் ஒன்று. எக்கியும் வாந்தி வராமல், வயிறு உப்பி, நாய் நிலைகொள்ளாமல் தவித்தால் மணி எத்தனை என்று பார்க்காமல் வண்டியை எடுங்கள். சில மணி நேரம்தான் கையில் இருக்கும். எங்கள் வீட்டில் சாப்பிட்டவுடன் பந்து விளையாட்டு இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தெருமுனை வரை மெதுவாக நடை, அவ்வளவுதான். அந்த நடையில் மீதிக் காற்றும் தெருவிலேயே போய்விடுகிறது. எதிரே வருபவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்பதில்லை, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

ஆக, தட்டுக்கு ஐந்துக்கு மூன்று. உலர்தீனி சாப்பிடுகிற, மூக்கு நீண்ட, அவசரக்கார நாய் என்றால் வாங்கலாம். விழுங்கும் காற்றைக் குறைக்கிறது, 449 ரூபாய்க்கு அது நியாயம். அரை மார்க் ரப்பர் பொட்டுக்காகவும், ஒன்றரை மார்க் கழுவும் வேலைக்காகவும் குறைத்தேன். வாடை போகவில்லை என்பதற்காகக் குறைக்கவில்லை. அதற்குத் தட்டு பொறுப்பில்லை. வாடை மாறாமல் இருந்து, கூடவே எடை இறங்கினால், மலம் வழுவழுவென்று எண்ணெய்ப் பசையாக வந்தால், கணையமோ குடலோ கெட்டிருக்கலாம். அதற்கு எந்தத் தட்டும் உதவாது, டாக்டரிடம் காட்டி மலத்தையும் இரத்தத்தையும் பரிசோதிக்கவேண்டும்.

நோட்டை இன்னும் கழற்றவில்லை. ஒரு வாரத்துக்கென்று கட்டியது, ஏழாம் மாதம் ஓடுகிறது. அப்பா இப்போது ஒழுங்காக எழுதுகிறார். நாலு மணிக்கு மாரி பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய் நாலு துண்டு என்று உடன்பாடு. நேற்றைய பக்கத்தில் அவருடைய அச்சு எழுத்தில், 'மாலை 4.00 — வெள்ளரி 4. வேறு எதுவும் இல்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் மகளின் கிறுக்கல்: 'பொய். முறுக்கு 2. பார்த்தேன்.'